கிளினிக் நடத்துவதும் குழந்தை மருத்துவம்தான்

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் பலரிடம் ஒரு கருத்து வேரூன்றிப் போயிருக்கிறது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. படிக்க வருகிறவருக்கு நோயைக் கண்டுபிடிக்கவும் குணப்படுத்தவும் சொல்லித்தருவதுதான் கல்லூரியின் வேலை. கிளினிக் வைப்பது, ஆள் அமர்த்துவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவரவர் பாடு, வெளியே போய்ப் பழகிக்கொள்ளட்டும் என்பது அந்தக் கருத்து. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல ஆசிரியர்கள். மருத்துவம் வியாபாரமாகிக்கொண்டிருப்பதைக் கண்டு மனம் நொந்தவர்கள். 'நிர்வாகம்' என்ற சொல்லைப் பாடத்திட்டத்துக்குள் அனுமதித்தால் அதன் பின்னாலேயே லாபக் கணக்கும் வந்து உட்கார்ந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அதிலிருந்து அவர்கள் வந்து சேர்கிற முடிவைத்தான் மறுக்கிறேன். கிளினிக்கை எப்படி நடத்துவது என்ற அறிவு மருத்துவ அறிவுக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று என்று அவர்கள் நினைப்பதே முதல் பிழை. வெளிநோயாளியாக வரும் குழந்தையைப் பொறுத்தவரை, அதற்குக் கிடைக்கும் சிகிச்சையில் பாதி கிளினிக் நடத்தப்படும் விதத்தில்தான் இருக்கிறது.

இப்போது நடக்கும் பயிற்சியைப் பாருங்கள். மூன்று ஆண்டுகள். முடிவில் நான்கு எழுத்துத் தாள்கள், ஒரு நெடு நோயாளி, சில குறு நோயாளிகள், மேசை மேசையாக நடக்கும் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. இடையில் ஓர் ஆய்வேடு. நாள்தோறும் நிரப்ப வேண்டிய லாக் புக். 2020-இல் அறிவிக்கப்பட்ட மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி என்று மூன்று மாதங்கள். இந்தப் பயிற்சியை முடித்து வருகிறவரால் எண்ணூறு கிராம் எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு வென்டிலேட்டர் அளவுகளை அமைக்க முடியும். நீரிழிவு நோயால் மயங்கி வந்த சிறுமிக்குத் திரவம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் கணக்கிட முடியும். பெருமைப்பட வேண்டிய திறமைகள் இவை. ஆனால் படிப்பை முடித்த பெரும்பாலோர் அடுத்த முப்பது ஆண்டுகளில் நாள் முழுக்கச் செய்யப்போவது வேறு: சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி, எடை குறைவு, பேச்சுத் தாமதம், பயந்துபோன பெற்றோர். அதைச் செய்யப்போகும் இடமும் வேறு: ஒரு மருத்துவர், இரண்டு உதவியாளர்கள், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு தொலைபேசி. அந்த இடத்தைப் பற்றிய ஒரு கேள்விகூடத் தேர்வில் வருவதில்லை. இத்தனைக்கும் பட்டமேற்படிப்பின் குறிக்கோள்களை வகுத்த பழைய மருத்துவக் கவுன்சில், பயிற்சி முடித்தவர் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ களத்திலோ போதிய நிர்வாகத் திறமையோடு சேவையை ஒழுங்கமைத்து மேற்பார்வையிட வல்லவராக இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே எழுதிவைத்தது. ஆக, நான் கேட்பது புதிய சலுகை எதையும் அல்ல. எழுதி வைத்த கடமையைத்தான் கேட்கிறேன். தேர்வில் வராத எதையும் நம் மாணவர்கள் படிப்பதில்லை, ஆசிரியர்களும் நடத்துவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இது மருத்துவ அறிவுதான் என்று ஏன் சொல்கிறேன்? கிளினிக்கின் மூலையில் இருக்கும் அந்த ஃப்ரிட்ஜிலிருந்தே தொடங்குகிறேன். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இதை இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் வீட்டு உபயோக ஃப்ரிட்ஜின் உள்ளே எல்லா இடமும் ஒரே குளிரில் இருப்பதில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் கதவுத் தட்டில் சூடு ஏறும். உறைபெட்டியை ஒட்டிய பின்சுவரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், நிமோகாக்கல் போன்ற ஊசிமருந்துகள் ஒருமுறை உறைந்தால் கெட்டன. அவற்றில் இருக்கும் அலுமினிய உப்பு திரிந்து திப்பிதிப்பியாகிவிடும். உருகிய பின் பழைய நிலைக்குத் திரும்பாது. கண்ணுக்கோ அது பால்போல வெண்மையாகவே தெரியும். குலுக்கி வைத்து, எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்த்தால்தான் சந்தேகம் வரும். வெயிலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜின் குளிரைக் கூட்டிவைக்கும் உதவியாளர் நல்லெண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார். மறுநாள் ஆறு வாரக் குழந்தைக்கு அந்த ஊசி போடப்படுகிறது. குழந்தை அழுகிறது, அட்டையில் தேதி எழுதப்படுகிறது, பெற்றோர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் இருக்கிறதா, காலையும் மாலையும் அளவைக் குறித்துவைப்பது யார், ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டு வந்தால் மருந்தை எங்கே மாற்றுவது, கீழ்த்தட்டில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிவைத்தால் குளிர் சீக்கிரம் குறையாது என்பது உதவியாளருக்குத் தெரியுமா: இவையெல்லாம் நிர்வாகக் கேள்விகள் என்று ஒதுக்கத்தக்கவையா? ஊசியை எந்தத் தசையில் எந்தக் கோணத்தில் குத்த வேண்டும் என்பது மருத்துவம் என்றால், குத்தப்படும் மருந்து உயிரோடு இருக்கிறதா என்பதும் மருத்துவம்தான். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குளிர்ப்பதனப் பெட்டியின் வெப்பநிலையை நாளுக்கு இருமுறை குறிக்கப் பயிற்சி பெற்ற ஊழியர் இருக்கிறார். கற்பிக்கும் மருத்துவமனையிலும் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் செவிலியர்களுடையது. ஆகவே பட்டமேற்படிப்பு மாணவர் மூன்று ஆண்டுகளும் ஊசி போட்டிருப்பார். ஃப்ரிட்ஜை ஒருநாள்கூடப் பொறுப்பேற்றிருக்க மாட்டார். படிப்பு முடிந்த மறுமாதம் அந்தப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் வந்து விழுகிறது.

அடுத்து காத்திருப்பு அறை. தட்டம்மை கண்ட குழந்தை உட்கார்ந்து எழுந்துபோன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கும். நம் நாட்டில் தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான். அதற்கு முன் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஊசி போட வரும் பச்சிளம் குழந்தைகள், காய்ச்சலும் தடிப்புமாய் வந்த பிள்ளைகளோடு அதே பெஞ்சில், அதே மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். நோயைத் தடுக்க வந்த இடத்தில் நோயை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. ஒரு நேர அட்டவணை போதும். ஊசிக்குத் தனி வேளை, காய்ச்சலுக்குத் தனி வேளை, தடிப்போடு வந்தால் வாசலிலேயே கேட்டுத் தனியே உட்காரவைக்க ஓர் உதவியாளர். டோக்கனும் அப்படித்தான். முப்பத்து நான்காம் டோக்கனோடு கடைசி வரிசையில் பாட்டியின் மடியில் சாய்ந்து கிடக்கும் குழந்தை தூங்குகிறதா, துவண்டுவிட்டதா? பால் குடிக்க முடியாமை, வலிப்பு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவை ஆபத்து அறிகுறிகள் என்று மருத்துவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அவர் உள்ளறையில் இருக்கிறார். வெளியே இருப்பவர் டோக்கன் கொடுக்கும் பெண். அந்தப் பெண்ணுக்கு இந்த நான்கு அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, கண்டால் வரிசையை உடைத்து உள்ளே அனுப்பும் அதிகாரத்தையும் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தை பிழைக்கும். ஒரு பள்ளிப் படிப்பு முடித்த பெண்ணுக்கு எப்படிக் கற்பிப்பது, அவர் செய்வதை எப்படிச் சரிபார்ப்பது, அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பது என்பதை நம் பயிற்சி மருத்துவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

தொலைபேசியையும் விட்டுவிட முடியாது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரணச் சிரப்பிலோ ஐந்து மில்லிக்குத்தான் ஏறக்குறைய 120. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டுமென்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சிரப்பில் ஆறு மில்லிக்குச் சற்று மேல். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாய் அழைத்து, "காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்கிறார். எடுத்தவர் உதவியாளர். "போன தடவை மாதிரியே ஆறு மில்லி கொடுங்கம்மா" என்கிறார். தாயின் கையில் இருப்பது சொட்டு மருந்துப் புட்டியாக இருந்தால் குழந்தைக்குப் போகிற அளவு நான்கு மடங்கு. மருத்துவர் எழுதிய சீட்டில் பிழை இல்லை, உதவியாளர் கெட்டவர் இல்லை, தாய் கவனக்குறைவானவர் இல்லை. மருந்து அளவுக் கேள்விக்கு உதவியாளர் பதில் சொல்லக்கூடாது என்ற விதிதான் அந்த கிளினிக்கில் இல்லை. பரிசோதனை முடிவுகளின் கதையும் இதுவே. பிறவித் தைராய்டுக் குறைபாட்டுக்குப் பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும், தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதை மாணவர் தேர்வில் அழகாக எழுதுவார். பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த முடிவு மேசையில் மற்றக் காகிதங்களுக்கு அடியில் பத்து நாள் கிடந்தால், அந்த அழகான விடையால் குழந்தைக்கு என்ன பயன்? அனுப்பிய ஒவ்வொரு பரிசோதனையையும் ஒரு நோட்டில் எழுதி, முடிவு வந்ததா, பெற்றோரிடம் சொன்னோமா என்று தினமும் மாலை பார்த்து டிக் போடுவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைப் பழக்கமாக்குவதுதான் பயிற்சி.

இனி அந்த ஆசிரியர்களுடைய முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். கிளினிக் நடத்தக் கற்றுக்கொடுத்தால் மருத்துவம் வியாபாரமாகிவிடும் என்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கற்றுக்கொடுக்காமல்தானே இருந்தோம், வியாபாரம் ஆகாமல் இருந்ததா? கல்லூரி விட்ட வெற்றிடம் வெற்றிடமாக நிற்கவில்லை. பணத்தைப் பற்றிப் பேசுவதே இழிவு என்று பழக்கப்பட்ட இளம் மருத்துவர், கையில் கடனோடு வெளியே வருகிறார். அவருக்கு இடம் பார்த்துத் தருகிறவர் மெடிக்கல் ஷாப் உரிமையாளர்; வாடகை வேண்டாம், சீட்டு மட்டும் நம் கடைக்கு வரட்டும் என்கிறார். எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு 'கட்' என்று சொல்லிக்கொடுக்கிறவர் பரிசோதனைக்கூடத்தின் ஆள். எந்த பிராண்டை எழுதினால் எந்த மாநாட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறவர் மெடிக்கல் ரெப். ஆக அந்த இளைஞருக்கு நிர்வாகப் பாடம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆசிரியர்கள் மட்டும் மாறிவிடுகிறார்கள். அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஒரு சத்து மருந்தைப் பரப்புவதற்காக மருத்துவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக அதில் பேசப்படும் அன்பளிப்புகளில் தங்க நாணயம், டி.வி., லேப்டாப் இவற்றோடு ஃப்ரிட்ஜும் இருக்கிறது. அந்தச் செலவை வணிகச் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. கிளினிக்குக்கு ஒரு ஃப்ரிட்ஜ் என்ன விலை, அதை மாதாந்திரச் செலவில் எப்படிச் சேர்ப்பது, அதற்கேற்ப ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் இலவச ஃப்ரிட்ஜுக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. நேர்மைக்கு மன உறுதி வேண்டும் என்பது உண்மை. கணக்கும் வேண்டும். வாடகை, இரண்டு பேர் சம்பளம், மின்சாரம், கழிவு அகற்றும் கட்டணம் இவற்றைக் கூட்டி, ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகளை அவசரமின்றிப் பார்க்க முடியும் என்பதால் வகுத்துப் பார்க்கத் தெரியாதவர், கமிஷன் இல்லாமல் கிளினிக் நடத்தவே முடியாது என்ற பொய்யை நம்பிவிடுகிறார். நம்பிய பிறகு அது அவருக்கு உண்மையாகிவிடுகிறது.

குழந்தை மருத்துவத்தில் இந்த ஆபத்து மற்றத் துறைகளைவிடக் கூடுதல். குழந்தைப் பால் பவுடர், புட்டி, இணை உணவு இவற்றை விற்பவர்கள் சுற்றிவருவது குழந்தை மருத்துவரைத்தான். 1992-இல் வந்து 2003-இல் மேலும் இறுக்கப்பட்ட தாய்ப்பால் மாற்றுப் பொருள்கள் சட்டம், இந்த நிறுவனங்கள் மருத்துவருக்குப் பரிசு கொடுப்பதையும் மருத்துவச் சங்கங்களின் கருத்தரங்குகளுக்குப் பணம் கொடுப்பதையும் தடைசெய்கிறது. ஒரு காலண்டரைக்கூட கிளினிக் சுவரில் மாட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய சட்டம் இது. தாய்ப்பாலின் உயர்வைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு இந்தச் சட்டத்தின் பெயர் தெரிந்திருக்கிறதா? தடுப்பூசி விலையும் இப்படித்தான். விநியோகஸ்தர் கொடுக்கும் விலைக்கும் அட்டையில் அச்சடித்த விலைக்கும் இடையே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும் பிராண்டைத் தேர்ந்தெடுப்பதா, ஊசியின் விலை வேறு, போடும் கட்டணம் வேறு என்று ரசீதில் தனித்தனியே காட்டுவதா? இதே ஊசிகளில் பல ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்று ஏழைத் தாயிடம் சொல்வதா, வேண்டாமா? இவை நெறிமுறைக் கேள்விகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் நெறிமுறை வகுப்பில் இவை பேசப்படுவதில்லை. அங்கே பேசப்படுவது கருணைக்கொலையும் உறுப்பு தானமும். கட்டணத்தைக் கிளினிக்கில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது இழிவாக இருந்திருந்தால் நெறிமுறை விதியே அதைக் கட்டாயமாக்கியிருக்குமா?

சட்டத்தின் மற்ற முனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கிளினிக் திறக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு, காலாவதியான மருந்து மஞ்சளுக்குப் போக வேண்டும். 1995-இல் சாந்தா வழக்கின் தீர்ப்பு வந்ததிலிருந்து கட்டணம் வாங்கும் மருத்துவர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஒன்றை மட்டும் அப்படி விட முடியாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையைப் பற்றித் தெரியவந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கற்பிக்கும் மருத்துவமனையில் இதற்கென்று அவசரப் பிரிவு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, வளாகத்திலேயே காவலர் இருக்கிறார். பயிற்சி மருத்துவர் மூத்தவரிடம் சொன்னால் போதும், மற்றவை நடந்துவிடும். அவரே தன் கிளினிக்கில், மாலை ஏழு மணிக்கு, வெளியே நாற்பது பேர் காத்திருக்கையில், வயிற்றுவலி என்று அழைத்துவரப்பட்ட எட்டு வயதுச் சிறுமியிடம் அந்த அடையாளங்களைப் பார்க்கிறார். கூட வந்திருப்பவர் மாமா. சிறுமியிடம் தனியாகப் பேச கிளினிக்கில் எந்த இடம்? பரிசோதிக்கும்போது கூட நிற்கப்போவது யார்? தாயை வரவழைக்கப்போவது யார்? எந்த எண்ணை அழைப்பது, எதைக் குறித்துவைப்பது, அன்று இரவு அந்தப் பெண் யாரோடு வீடு திரும்புவாள்? அந்த நிமிடத்தில் கையேட்டைப் புரட்ட நேரமில்லை. முன்கூட்டியே யோசித்து, உதவியாளரோடு பேசி, ஒத்திகை பார்த்து வைத்திருந்தால்தான் அந்தச் சிறுமிக்கு நீதி.

"அனுபவத்தில் வந்துவிடும்" என்பது அடுத்த வாதம். நாங்களும் யாரும் சொல்லித்தராமல்தானே பழகினோம் என்று மூத்தவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அனுபவம் ஒருவருக்குக் கற்றுத்தர வேண்டுமானால் செய்த தவறு அவர் கண்ணில் பட வேண்டும். வார்டில் தவறான மருந்து கொடுத்தால் காலை ரவுண்ட்ஸில் தெரிந்துவிடும். கிளினிக்கில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் கண்ணுக்கு மறைவானவை. உறைந்துபோன ஊசி மூன்று ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் நோயாக வெளிப்படும். காத்திருப்பு அறையில் தட்டம்மை தொற்றிய குழந்தைக்குப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். எங்கே வாங்கியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேசையில் மறந்த முடிவுக்குரிய குழந்தை வேறொரு மருத்துவரிடம் போய்விடும். தவறு தெரியாத இடத்தில் முப்பது ஆண்டு அனுபவம் என்பது ஒரே தவறை முப்பது ஆண்டு செய்த அனுபவமாகவும் இருந்துவிடலாம். பார்த்துத் திருந்திய தவறுகளுக்கும் விலை கொடுத்தது யாரோ ஒரு குழந்தைதான். அறுவை மருத்துவரிடம் நாம் இந்த வாதத்தை ஏற்போமா? குடல்வால் அறுவையை வெளியே போய்ப் பழகிக்கொள்ளட்டும் என்று யாராவது சொல்வார்களா?

நேரமில்லை என்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. முப்பத்தாறு மணி நேரப் பணியில் கண் சிவந்து நிற்கும் மாணவர் மீது இன்னொரு வகுப்பைச் சுமத்துவது கொடுமை. நான் புதுத் தாளோ புது வகுப்போ கேட்கவில்லை. ஏற்கனவே செய்யும் வேலையின் பொறுப்பைச் சற்றே விரித்துக் கொடுங்கள் என்கிறேன். தடுப்பூசிப் பிரிவில் பணியமர்த்தப்படும் மாதத்தில் ஊசி போடுவதோடு ஃப்ரிட்ஜின் பதிவேடும், இருப்புக் கணக்கும், காலாவதித் தேதிகளும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். மாவட்டப் பயிற்சியின் மூன்று மாதங்களில் இரண்டு வாரமாவது வெளிநோயாளிப் பிரிவின் வரிசையை ஒழுங்குசெய்யும் வேலையை அவரிடம் ஒப்படைத்து, காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று அளக்கச் சொல்லுங்கள். ஆய்வேட்டுக்கென்று ஏராளமான உழைப்பு போகிறது. நூலக அலமாரியில் தூங்கப்போகும் தலைப்புகளுக்குப் பதிலாக, பரிசோதனை முடிவுகள் பெற்றோரைச் சென்றடைய எத்தனை நாள் ஆகிறது, அதைக் குறைப்பது எப்படி என்பதும் ஓர் ஆய்வேடாக இருக்கலாமே. ஊரில் நேர்மையாகக் கிளினிக் நடத்தும் பழைய மாணவர் ஒருவரிடம் ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்துவரச் சொல்வதில் என்ன தடை?

தனி கிளினிக்கின் காலமே முடிந்துவிட்டது, எல்லோரும் பெரிய மருத்துவமனைகளில் சம்பளத்துக்குத்தான் போகிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சென்னையை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லும் பேச்சு இது. திருவாரூரிலும் பெரம்பலூரிலும் தென்காசியிலும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மக்கள் போவது கடைத்தெருவில் இருக்கும் கிளினிக்குக்குத்தான். அரசுப் பணியில் இருப்பவர்களிலும் பலர் மாலையில் கிளினிக் வைத்திருக்கிறார்கள். சம்பளத்துக்குப் போகிறவருக்கும் இந்த அறிவு தேவை. இத்தனை பேரை அனுமதிக்க வேண்டும், இத்தனை பரிசோதனை எழுத வேண்டும் என்று அவருக்கு இலக்கு வைக்கப்படும்போது, அந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது, எது உண்மையான செலவு, எது பேராசை என்று பிரித்தறியத் தெரிந்தவரால்தான் எதிர்த்துப் பேச முடியும். நிர்வாகத்துக்கென்று ஆள் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனைக்கும் இதுவே பதில். இரண்டு பேர் வேலை செய்யும் கிளினிக்கில் மேலாளர் வைக்க வழியில்லை. வைக்க வழியுள்ள இடத்திலும் அவர் செய்வது சரியா என்று பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

மற்ற நாடுகளில் இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. கனடாவின் சிறப்பு மருத்துவர் கல்லூரி 1996-இல் வகுத்த கேன்மெட்ஸ் சட்டகம் ஒரு நிபுணருக்கு இருக்க வேண்டிய ஏழு பாத்திரங்களில் 'மேலாளர்' என்பதையும் ஒன்றாக வைத்தது. 2015-இல் அதைத் 'தலைவர்' என்று பெயர் மாற்றியது. அமெரிக்காவில் 1999-இல் ஏற்கப்பட்ட ஆறு அடிப்படைத் திறன்களில், தான் வேலை செய்யும் அமைப்பைப் புரிந்து அதைச் சீர்ப்படுத்தும் திறன் ஒன்று; மூன்றாண்டு குழந்தை மருத்துவப் பயிற்சிக்கும் அது பொருந்தும். இங்கிலாந்தில் பொது மருத்துவராகப் போகிறவர் தன் பயிற்சியின் பெரும்பகுதியை உண்மையான கிளினிக்குகளிலேயே, அங்குள்ள பயிற்றுநரின் கீழ் கழிக்கிறார். அங்கேயும் குறைகள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் எழுதும் குறியீடுகளாக இந்தப் பாடம் சுருங்கிவிடும் ஆபத்து அமெரிக்காவில் இருக்கிறது. அதை நாம் இறக்குமதி செய்ய வேண்டாம். நமக்கு வேண்டிய பாடத்தின் மையம் ஃப்ரிட்ஜும் டோக்கனும் தொலைபேசியும் பதிவேடும் ரசீதும்.

2025-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அந்தத் தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது தெரிந்தது. ஆலையின் குற்றத்தை மருத்துவர்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. புட்டியைப் பார்த்து நஞ்சைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் அந்த மருந்தில் இருந்த குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. அந்த அறிவிப்பு ஓர் ஊர் கிளினிக்குக்கு எப்படி வந்து சேரும்? அங்கே யார் படிப்பார்? படித்த மறுநாள் மருந்துச் சீட்டு எப்படி மாறும்? ஒரு மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தால், அதை வாங்கிச்சென்ற குழந்தைகளின் பெற்றோரை அன்று மாலைக்குள் கூப்பிட்டுச் சொல்ல முடியுமா? பதிவேடு இருக்கும் கிளினிக்கில் முடியும், இல்லாத கிளினிக்கில் முடியாது.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவுக்கும் குழந்தை மருத்துவத் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழு அமைத்து, அறிக்கை வாங்கி, விதிமுறை திருத்தி எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த எம்.டி. தேர்வின் ஓஸ்கியில் ஒரே ஒரு மேசையை இதற்கு ஒதுக்குங்கள். அதில் ஒரு வார வெப்பநிலைப் பதிவேட்டை வையுங்கள். வியாழக்கிழமை காலை மைனஸ் ஒரு டிகிரி என்று எழுதியிருக்கட்டும். பக்கத்தில் ஐந்து தடுப்பூசிக் குப்பிகள். எதையெல்லாம் எறிய வேண்டும், வியாழனுக்குப் பிறகு ஊசி போட்டுச்சென்ற குழந்தைகளின் பெற்றோரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு துறையிலும் மாணவர்கள் தாங்களாகவே ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள்.